பேர்சியன் பூனைக்குட்டி கேட்ட எல்லோருக்கும்

 

எங்கள் வீட்டுப் பேர்சியன் பூனை ஈன்ற குட்டிகளின் படத்தைப் போட்டதிலிருந்து இன்பொக்ஸ் நிரம்பிவிட்டது. "டீச்சர், குட்டி ஒன்று எவ்வளவு?", "மகள்ட பர்த்டேக்கு ஒன்று வேணும்", "வெள்ளைக் குட்டி இருக்கா?" என்று பதுளையிலிருந்தும் பண்டாரவளை, வெலிமடை, பசறைப் பக்கமிருந்தும் கேட்கிறார்கள். மூன்று குட்டிக்கு இருபது பேருக்கு மேல். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத நேரமில்லை. அதனால் எல்லோருக்குமாக இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். குட்டி வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் கடைசிவரை வாசியுங்கள். வாசித்த பிறகு அந்த எண்ணமே போய்விட்டால் அதுவும் நல்லதுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் பூனை வியாபாரிகள் அல்ல, மிருக வைத்தியர்களும் அல்ல. பாடசாலையும் வீடுமாக ஓடும் ஒரு குடும்பம். எங்கள் சீனி நாலு வருடத்துக்கு முன் எங்களிடம் வந்தாள். இந்த நாலு வருடத்தில் வைத்தியர்களிடம் கேட்டும் வாசித்தும் பார்த்தும் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

பேர்சியன் என்றால் பாரசீகம். 1617 முதல் 1623 வரை அந்த நாட்டில் சுற்றிய பியத்ரோ தெல்லா வாலே என்ற இத்தாலியப் பயணி, குராசான் பகுதியில் கண்ட நீண்ட முடிப் பூனைகளைப் பற்றித் தன் கடிதத்தில் வியந்து எழுதினார். அப்படிப்பட்ட பூனைகள் ஐரோப்பாவுக்குப் போய், 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹரிசன் வெயர் நடத்திய பூனைக் கண்காட்சிக் காலத்திலேயே பணக்கார வீடுகளின் செல்லமாகிவிட்டன. சுவாரசியம் என்னவென்றால், 2008இல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வில் இன்றைய பேர்சியன் பூனை மத்திய கிழக்குப் பூனைகளை விட மேற்கு ஐரோப்பியப் பூனைகளுக்கே நெருக்கமாக இருந்தது. பெயர்தான் பாரசீகம். இன்றைய உருவத்தைச் செய்தது ஐரோப்பாவும் அமெரிக்காவும்.

"செய்தது" என்று தெரிந்துதான் எழுதுகிறோம். பழைய பேர்சியனின் படங்களைப் பாருங்கள், மூக்கு மூக்காக இருக்கும். 20ஆம் நூற்றாண்டில்தான் முகத்தைத் தட்டையாக்கிக்கொண்டே போனார்கள். தட்டை முகமுள்ள ஆணையும் பெட்டையையும் சேர்த்து, குட்டிகளில் இன்னும் தட்டையானதைத் தெரிந்தெடுத்து, மறுபடியும் சேர்த்து இந்த முகம் வந்தது. முடியும் அப்படித்தான். காட்டிலோ வயலிலோ வாழும் பூனைக்கு இவ்வளவு நீண்ட முடி ஒருநாளும் நிலைக்காது. முள்ளில் மாட்டும், மழையில் ஊறும். மனிதன் தினமும் வாரிவிடுவான் என்ற நம்பிக்கையில் மனிதனே வளர்த்தெடுத்த முடி அது.

விற்பவர்கள் சொல்லும் "டொல் ஃபேஸ்", "பஞ்ச் ஃபேஸ்" எல்லாம் இந்த மூக்கின் அளவுதான். "திரிப்பிள் கோட்" என்பது வியாபாரச் சொல். பேர்சியனின் முடி இரண்டு அடுக்கு, மேலே நீண்ட முடி, உள்ளே பஞ்சு போன்ற முடி. மூன்றாவது அடுக்கு உங்கள் பணப்பையில்தான் தெரியும்.

இனி எங்கள் மனதில் நெடுநாளாக உள்ள விஷயத்துக்கு வருகிறோம்.

பூனை ஒன்றைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நம் பிள்ளைகளுக்கும் தெரியும். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அதில் அவளுடைய குற்றம் இரண்டு பகுதியாகச் சொல்லப்படுகிறது. அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை, பூமியில் உள்ள சின்னச் சின்னப் பிராணிகளைப் பிடித்துத் தின்னட்டும் என்று அவிழ்த்தும் விடவில்லை. அதாவது அவளுக்கு முன்னால் இரண்டு வாசல் இருந்தது. ஊட்டி வளர்க்கலாம், முடியாவிட்டால் விட்டுவிடலாம். அவள் இரண்டையும் அடைத்தாள்.

நம் ஊர்ப் பூனைக்கு இந்த இரண்டாவது வாசல் எப்போதும் திறந்தே இருக்கிறது. லயத்துப் பூனையைப் பாருங்கள். யாரும் அதற்கென்று தட்டு வைப்பதில்லை. கோழிக்கூட்டுப் பக்கம் எலி பிடிக்கும், யார் வீட்டிலாவது நெத்தலித் தலை தின்னும், மழை வந்தால் விறகுக்கு மேலே சுருண்டு படுக்கும். கஷ்டம்தான், ஆனால் அதால் முடியும்.

பேர்சியனுக்கு அந்த வாசல் இல்லை. மூச்சு வாங்கும் முகத்தை வைத்துக்கொண்டு அதால் நாயிடமிருந்து ஓட முடியாது. தேயிலைச் செடிக்குள் புகுந்தால் அரைநாளில் முடியெல்லாம் சிக்கு. அட்டை கடித்தாலும் வெளியே தெரியாது. வீட்டுக்குள்ளேயே வளர்ந்ததால் வாகனத்துக்குப் பயமில்லை, ஆளுக்குப் பயமில்லை. ஆகவே இந்தப் பூனையை எடுப்பவருக்கு இருப்பது ஒரே வாசல். சாகும்வரை பார்ப்பது. "முடியாமல் போனால் எங்காவது விட்டுவிடலாம்" என்ற நினைப்பு கொஞ்சமேனும் மனதில் இருந்தால் தயவுசெய்து எடுக்காதீர்கள். இவ்வளவு நீளமாக எழுதுவது இதைச் சொல்லத்தான்.

இது வெறும் பேச்சல்ல. இரண்டு வருடத்துக்கு முன், ஒக்டோபர் மழையில், சந்தைப் பக்கம் காய்கறிக் கூடைகளுக்கு நடுவில் ஒரு மஞ்சள் பேர்சியன் கிடப்பதாக எங்கள் பழைய மாணவர் ஒருவர் போன் பண்ணினார். தூக்கும்போது பூனையைத் தூக்குவது போல் இருக்கவில்லை, நனைந்த கம்பளித் துண்டைத் தூக்குவது போல் இருந்தது. வயிறு, அக்குள், தொடை எங்கும் முடி ஒரே பலகையாக இறுகிப் போயிருந்தது. அது இறுகும்போது தோலையும் சேர்த்து இழுக்கும். நடக்க ஒரு அடி எடுத்து வைத்தால் வலி. வைத்தியர் மயக்க மருந்து கொடுத்து முழுவதும் வழித்தார். முடிக்குக் கீழே தோல் வெந்தது போல் இருந்தது, புண்ணில் புழு. வழித்த பிறகு பார்த்தால் உள்ளங்கையில் அடங்குகிற எலும்புக்கூடு. பதினொரு நாள் எங்கள் வீட்டில் இருந்தது. பன்னிரண்டாம் நாள் ஸுபஹுக்கு எழும்பிப் பார்த்தபோது மௌத்தாகி இருந்தது.

அதுவும் ஒரு காலத்தில் யாரோ பிள்ளையின் பிறந்தநாள் பரிசாக இருந்திருக்கும். யார் என்று நாங்கள் தேடவில்லை. தேடி என்ன பயன்?

சீனியின் குட்டிகளுக்கு வருவோம். குட்டி வளர்ப்பு என்றால் என்ன என்று கேட்டவர்களுக்காக இந்தப் பகுதி.

சீனிக்கு ஒரே ஒரு ஈற்று என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம். சேர்ப்பதற்கு முன் அவளையும், பண்டாரவளையில் உறவினர் வீட்டில் உள்ள கடுவனையும் பேராதனை மிருக வைத்தியப் பீடத்தின் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் சிறுநீரக ஸ்கேன் பார்த்தோம். காரணம், பேர்சியன் வம்சத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் ஒரு பரம்பரை நோய் உண்டு. இதற்குக் காரணமான மரபணுப் பிழை 2004இல் கண்டுபிடிக்கப்பட்டது. தாய், தகப்பன் இருவரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு குட்டிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இளம் வயதில் ஒன்றும் தெரியாது. ஏழு எட்டு வயதில் தண்ணீர் அதிகம் குடிக்கும், மெலியும், பிறகு போய்விடும். நம் ஆட்கள் "கண்ணூறு பட்டுவிட்டது" என்பார்கள். கண்ணூறு உண்மைதான். ஆனால் இது பிறக்கும்போதே கூட வந்த நோய். குட்டி வாங்குபவர்கள் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "தாய் தகப்பனுக்கு சிறுநீரகம் பார்த்தீர்களா?" என்பது. நிறம் என்ன என்பது அதற்குப் பிறகு.

பூனையின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 63 முதல் 65 நாள். பேர்சியன் குட்டியின் தலை பெரிது, உருண்டை. அதனால் பிரசவம் சிக்கலாவது மற்ற பூனைகளை விட அதிகம். தாய் பலமாக முக்கத் தொடங்கி அரை மணி நேரம் ஆகியும் குட்டி வராவிட்டால் வீட்டில் காத்திருக்கக் கூடாது. அதனால் வைத்தியரின் நம்பரை முன்னமே வாங்கி வைத்திருந்தோம், முச்சக்கரவண்டிக்காரருக்கும் சொல்லி வைத்திருந்தோம். அல்ஹம்துலில்லாஹ், தேவைப்படவில்லை. டிசம்பர் விடுமுறையில் ஒரு இரவு நாலு குட்டிகள்.

சமையலறைத் தராசில் நிறுத்தோம். 95, 92, 88, நாலாவது 74 கிராம். குட்டி ஒவ்வொரு நாளும் பத்து கிராமாவது ஏற வேண்டும். கண்ணுக்குக் கொழுகொழு என்று தெரிவதை நம்பக் கூடாது, தராசைத்தான் நம்ப வேண்டும். எங்கள் மகன் ஒரு அப்பியாசக் கொப்பியில் கோடு கீறி, காலை மாலை எழுதினான். அவனுக்கு வரைபுப் பாடம் விளங்கியது அந்தக் கொப்பியில்தான்.

பிறந்த குட்டிக்குத் தன் உடம்பைச் சூடாக வைத்திருக்கத் தெரியாது. முதல் மூன்று வாரமும் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரம். டிசம்பர், ஜனவரி மழைக் குளிர் உங்களுக்குத் தெரியும். பண்டாரவளை, அப்புத்தளைக்காரர்களுக்குச் சொல்லவே தேவையில்லை. அட்டைப் பெட்டிக்குள் பழைய சாரம் மடித்துப் போட்டு, வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தோம். ஒரு பக்கம் மட்டும் ஏனென்றால் சூடு கூடினால் குட்டி மறுபக்கம் ஊர்ந்துபோக வேண்டும். சொந்தமாகச் சிறுநீர் கழிக்கவும் அதற்குத் தெரியாது, தாய் நக்கிவிட்டால்தான் போகும். தாயில்லாக் குட்டியை எடுத்தவர்கள் இதை மறந்து பால் மட்டும் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். ஈரப் பஞ்சால் மெதுவாகத் தடவிவிட வேண்டும்.

74 கிராம் குட்டி ஏறவில்லை. கண்டியிலிருந்து பஸ்ஸில் குட்டிகளுக்கான பால்மா எடுப்பித்து, இரண்டு மணிக்கொரு தடவை மாறி மாறி எழும்பிக் கொடுத்தோம். (மாட்டுப் பாலும் நாம் குடிக்கும் பால்மாவும் குட்டிக்கு ஒத்துக்கொள்ளாது, வயிற்றோட்டம் வரும். பூனைக்குட்டி என்றால் பால் என்பது நம் எல்லோர் தலையிலும் பதிந்த விஷயம். ஆனால் அந்தப் பால் தாயின் பால்.) ஐந்தாம் இரவு அது போய்விட்டது. கொய்யா மரத்தடியில் பிள்ளைகளே குழி தோண்டினார்கள். அன்று கொப்பியில் நாலாவது நிரல் அப்படியே நின்றது. மற்ற மூன்று நிரலும் ஏறிக்கொண்டே போயின.

ஏழு முதல் பத்து நாளில் கண் திறக்கும். நாலு வாரத்தில் மசித்த உணவு. இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை குட்டி மனிதரைப் பழகும் காலம். இந்த நாட்களில் கை படாமல் வளர்ந்த குட்டி பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் மடிக்கு வராது. எங்கள் வீட்டில் மஃரிபுக்குப் பிறகு பிள்ளைகள் ஓதும் சத்தத்திலேயே மூன்றும் வளர்ந்தன. இப்போது மிக்ஸி சத்தத்துக்கும் பயமில்லை, பாங்கு சத்தத்துக்கும் பயமில்லை.

ஐந்து ஆறு வாரக் குட்டி பஞ்சுருண்டை போல் இருக்கும். அப்போது விற்றால் கேட்ட விலை கிடைக்கும். அதனால்தான் பலர் அந்த வயதிலேயே தாயிடமிருந்து பிரிக்கிறார்கள். பிரித்தானியாவின் ஜிசிசிஎஃப் என்ற பூனை அமைப்பு 13 வாரத்துக்கு முன் குட்டி வீடு மாறக் கூடாது என்கிறது. கடிக்காமல் விளையாடுவது, மணல் தட்டில் போவது, பயந்தால் என்ன செய்வது எல்லாம் தாயும் கூடப்பிறந்ததும் சொல்லிக் கொடுக்கும் பாடம். முன்பள்ளிக்கு அனுப்பாமல் நேரே ஐந்தாம் வகுப்பில் உட்கார வைத்தால் பிள்ளை என்ன செய்யும்?

உணவு விஷயத்தில் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். பூனை இறைச்சி தின்னப் படைக்கப்பட்ட பிராணி. டோரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் அதற்குக் கிடைக்கிறது. அது குறைந்தால் இதயத் தசை தளர்ந்துபோகும், கண் பார்வையும் கெடும் என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். சோறும் பருப்பும் ஊற்றி வளர்த்தால் ஊர்ப் பூனை மிச்சத்தை வெளியே வேட்டையாடிச் சரிசெய்துவிடும். வீட்டுக்குள் அடைபட்ட பேர்சியன் எங்கே போகும்? 2022இல் டொலர் இல்லாமல் எல்லாம் விலை ஏறியபோது இறக்குமதி உணவு எங்களுக்கும் எட்டவில்லை. வைத்தியரிடம் கேட்டு, உப்பு, வெங்காயம், உள்ளி சேர்க்காமல் கோழியும் ஈரலும் மீனும் அளவாக அவித்து சமாளித்தோம். வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். ஆணத்தில் குழைத்த சோறு போடுபவர்கள் கவனிக்க.

அடுத்தது முடி. சீனியை ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் வாருகிறோம். கம்பிச் சீப்பு, முதலில் வயிறும் அக்குளும், பிறகு முதுகு. முதுகு மட்டும் வாரினால் படத்துக்கு அழகாக இருக்கும், சிக்கு உள்ளே வளரும். பதினைந்து நிமிடம் என்பது கேட்கச் சின்ன விஷயம். வருடத்துக்குக் கணக்குப் போட்டால் 91 மணித்தியாலம். பேர்சியன் பன்னிரண்டு முதல் பதினைந்து வருடம் வாழும். பதினாலு வருடத்துக்கு 1,270 மணித்தியாலத்துக்கு மேல். பிறந்தநாளுக்குக் குட்டி கேட்கும் ஆறு வயதுப் பிள்ளை அப்போது இருபது வயதில் எங்கோ பல்கலைக்கழகத்தில் இருக்கும். சீப்பு உங்கள் கையில் இருக்கும்.

தட்டை முகத்தால் கண்ணீர் உள்ளே வடியாமல் வெளியே வழியும். தினமும் கொதித்தாறிய தண்ணீரில் பஞ்சு நனைத்துத் துடைக்க வேண்டும். நம் மழைக்காலத்து ஈரத்தில் முடி காயாமல் இருந்தால் படர்தாமரை வரும். நீண்ட முடிப் பூனைகளில் அது அதிகம், சில பூனைகள் வெளியே ஒன்றும் காட்டாமலேயே அதைச் சுமக்கும். பூனையிடமிருந்து பிள்ளைக்கு, பிள்ளையிடமிருந்து வகுப்பறைக்கு. பிள்ளையின் கையில் வட்டமாகச் சிவந்தால் களிம்பு வாங்கித் தடவிவிட்டு இருக்காமல், பூனையையும் சேர்த்துக் காட்டுங்கள்.

வீட்டில் உள்ள சில சாமான்கள் பூனைக்கு விஷம். காய்ச்சல் என்று பனடோல் கொடுத்துவிடாதீர்கள். அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலில் இல்லை, ஒரு குளிசையே கொன்றுவிடலாம். டெட்டோல் கலந்த தண்ணீரில் குளிப்பாட்ட வேண்டாம். நாய்க்கு விற்கும் தெள்ளு மருந்தைப் பூனைக்குப் போட வேண்டாம். லில்லிப் பூ வீட்டில் வைப்பவர்கள் கவனம். அதன் மகரந்தம் முடியில் ஒட்டி, பூனை நக்கினால்கூட சிறுநீரகம் செயலிழந்துவிடும்.

தடுப்பூசி: எட்டு வாரமளவில் முதல் ஊசி, பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவை பதினாறு வாரம் வரை. விசர்நோய் ஊசி தனி, மூன்று மாதத்தில் போடலாம். "வீட்டுக்குள்ளேதானே இருக்கிறது" என்று அதைத் தள்ளிப் போடாதீர்கள். கதவு திறந்த ஒரு நிமிடம் போதும். எந்தப் பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே சிகிச்சை இலவசம். மஞ்சள், காப்பித்தூள் வைத்துக் கட்ட வேண்டாம். உங்கள் பகுதியில் நாய்களுக்கு ஊசி போட வரும்போது பூனையையும் கொண்டுவரலாமா என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு வையுங்கள். கர்ப்பிணித் தாய்மார் மணல் தட்டைச் சுத்தம் செய்யாமல், அந்த வேலையை வீட்டில் வேறு ஒருவர் தினமும் செய்வது நல்லது.

மார்க்க விஷயம் கேட்டவர்களுக்கு, நாங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டது இது. பூனை நஜீஸ் அல்ல, அது நம்மைச் சுற்றி வரும் பிராணி என்ற கருத்து அபூ கதாதா ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் வழியாக வந்திருக்கிறது. அது வாய் வைத்த தண்ணீரில் வுழூ செய்யலாம். ஆனால் உதிர்ந்த முடி வேறு விஷயம். இறைச்சி உண்ணப்படாத பிராணியின் உடம்பிலிருந்து உயிரோடு பிரிந்த முடி நம் ஷாஃபி மத்ஹபில் நஜீஸ். கொஞ்சம் ஒட்டியிருந்தால் மன்னிக்கப்படும். பேர்சியன் வீட்டில் "கொஞ்சம்" என்பதைக் காப்பாற்றுவதே ஒரு வேலை. எங்கள் முஸல்லாவும் தொழுகை உடுப்பும் அலுமாரிக்குள், ஓர் அறைக்குப் பூனை போவதே இல்லை.

விலை பற்றி: பூனை விற்ற காசைத் தடுக்கும் ஒரு ஹதீஸ் முஸ்லிமில் உண்டு. பயனுள்ள பூனையை விற்கலாம், அந்தத் தடை வேறு வகையானது என்பதே இமாம் நவவி உட்படப் பெரும்பாலான அறிஞர்களின் விளக்கம். ஆகவே விற்பவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. எங்களுக்கு அது வேண்டாம் என்று தோன்றியது, ஊசிக்குப் போன காசை மட்டும் வாங்கினோம். கருத்தடை அறுவைச் சிகிச்சை பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்களுக்கு நம்பிக்கையான ஆலிமிடமும் வைத்தியரிடமும் கேட்டு முடிவெடுங்கள்.

காசு வாங்காவிட்டாலும் கேள்வி கேட்டோம். எல்லோரிடமும் ஒரே கேள்விகள். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? யார் வாருவார்கள்? பூனை எங்கே படுக்கும்? பெருநாளைக்கு ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்?

நகரத்தில் வசதியான ஒரு வீட்டிலிருந்து வந்தவர்கள் நல்ல மனிதர்கள். போனில் கூட்டின் படத்தையும் காட்டினார்கள். மூன்று தட்டு, சில்லு வைத்த கூடு, விலை கூடினது. வீட்டில் எல்லோரும் கடைக்குப் போய் இரவு எட்டு மணிக்குத்தான் வருவார்களாம். அதுவரை பூனை கூட்டுக்குள். நாங்கள் மெதுவாக, "இப்போதைக்கு வேண்டாம்" என்றோம். கொஞ்சம் மனவருத்தம்தான். அந்த ஹதீஸில் உள்ள பெண் உணவு கொடுக்கவில்லை, இவர்கள் நல்ல உணவு கொடுப்பார்கள், உண்மை. ஆனாலும் பதினாலு வருடம் பகலெல்லாம் கம்பிக்குள் என்பதை எங்கள் மனம் ஏற்கவில்லை.

பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து எங்கள் மாணவி ஒருத்தி அவளுடைய அப்பாயியோடு வந்தாள். தோட்டத்தில் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்ற அம்மா. சிலர் எங்களிடம் பிறகு கேட்டார்கள், "லயத்தில் பேர்சியனா?" என்று. நாங்கள் அவரிடமும் அதே கேள்விகளைத்தான் கேட்டோம். பகலெல்லாம் அவர் வீட்டில்தான். பேத்தியின் தலையைத் தினமும் வாரிப் பின்னுவதும் அவர்தான். குட்டியைக் கையில் எடுத்து, வயிற்று முடியைத் தானாகவே விரலால் பிரித்துப் பார்த்தார். பிறகு, இருபது பேரில் வேறு யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"டீச்சர், நம்ம வீட்ல வெறகு அடுப்பு. அந்தப் பொக இதோட மூக்குக்கு ஆகுமா?"

ஆகாது என்பதுதான் உண்மை. உடனே குட்டி கொடுக்கவில்லை. அவர்கள் அடுப்படிக்கும் உள்ளறைக்கும் நடுவில் கதவு போட்டார்கள், முன்பக்கத்துக்கு வலை அடித்தார்கள். மூன்று குட்டிகளில் மூக்கு கொஞ்சம் நீண்ட பெட்டைக் குட்டியை, பதினாலு வாரம் முடிந்த பிறகு கொடுத்தோம். ஊசி போடும் நாளில் அவர்கள் பதுளைக்கு வரும்போது நாங்களும் வைத்தியரிடம் கூடப் போகிறோம். போன கிழமை பார்த்தோம், ஒரு சிக்கு இல்லை. இரண்டாவது குட்டி வெலிமடையில் ஓய்வு பெற்ற ஒரு தம்பதியிடம். மூன்றாவது எங்களோடு. ஆகவே இனிக் குட்டி இல்லை, இன்னொரு ஈற்றும் இல்லை.

இந்தப் பூனைக்குத் தேவை காசு மட்டும் என்று நினைக்கிறோம். வைத்தியச் செலவுக்குக் காசு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் முதலில் வேண்டியது வீட்டில் ஒரு ஆளும், அந்த ஆளின் நேரமும். அது மாடி வீட்டிலும் இருக்கலாம், லயத்திலும் இருக்கலாம். இரண்டிலும் இல்லாமலும் போகலாம்.

பிள்ளைக்குப் பூனை வேண்டும், ஆனால் அவ்வளவு நேரமில்லை என்பவர்களுக்கு ஒரு யோசனை. நம் ஊரில் பள்ளிவாசல் பக்கமும் சந்தையிலும் பஸ் தரிப்பிடத்திலும் ஊர்ப் பூனைக்குட்டிகள் எத்தனை? ஒன்றை எடுத்து, ஊசி போட்டு, வயிறு நிறையக் கொடுங்கள். அது தன்னைத் தானே நக்கிச் சுத்தமாக்கிக்கொள்ளும். எலியும் குறையும். அபூ ஹுரைரா ரழியல்லாஹு அன்ஹு அவர்களின் பெயரின் பொருளே பூனைக்குட்டியின் தந்தை என்பது. அவர்களோடு இருந்த குட்டிக்கு யாரும் பரம்பரைப் பத்திரம் கேட்டதில்லை.

ஏற்கனவே பேர்சியன் வைத்திருந்து இப்போது பார்க்க முடியாமல் கஷ்டப்படுபவர்கள் இருந்தால் வெட்கப்பட வேண்டாம். வேலை போகலாம், நோய் வரலாம், வெளிநாடு போக நேரலாம். ரோட்டில் விடாமல் எங்களுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். நாங்களே எல்லாவற்றையும் எடுக்க முடியாது. ஆனால் வாரத் தெரிந்த, பகலில் வீட்டில் இருக்கும் ஒருவரைச் சேர்ந்து தேடலாம். உங்கள் பூனைக்குச் சிக்கு விழுந்திருந்தால் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டாம், தோல் மெல்லியது, கூடவே வெட்டுப்படும். வைத்தியரிடம் காட்டுங்கள். வார எப்படி என்று பார்க்க விரும்புபவர்கள் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வரலாம். சீப்பு இருக்கிறது, சீனியும் இருக்கிறாள்.

நம் கையில் ஒப்படைக்கப்பட்ட வாயில்லா ஜீவன்களின் விஷயத்தில் அல்லாஹ் நம் எல்லோரையும் அமானிதம் பேணுபவர்களாக ஆக்குவானாக. ஆமீன்.